துப்பறியும் கதை வீடு திரும்பிய வரலாறு

தஞ்சாவூரிலிருந்து மன்னார்குடி போகும் சாலையில் வடுவூர் இருக்கிறது. ஏரிக்கு வரும் பறவைகளுக்காகவும் கோதண்டராமர் கோயிலுக்காகவும் இன்று பேசப்படும் அந்த ஊருக்குத் தமிழ்க் குற்றப்படங்களின் வரலாற்றிலும் ஓர் இடம் உண்டு. வடுவூர் கே. துரைசாமி ஐயங்கார் (1880–1942) எழுதிய துப்பறியும் நாவல்கள், பேசும்படம் வந்த முதல் இருபது ஆண்டுகளில் தமிழ்த் திரைக்குச் சூதையும் மாறுவேடத்தையும் கொண்டுவந்து சேர்த்த ஊற்றுகளில் முக்கியமானவை. பழைய துப்பறியும் படங்களையும் சண்டைப் படங்களையும் வீட்டில் உட்கார்ந்து மறுபடி பார்த்துத் தரம் பிரிக்கும் பழக்கம் இன்று பரவியிருக்கிறது. அதைப் பற்றி ஒரு குறையும் அடிக்கடி சொல்லப்படுகிறது: கொட்டகைக்கென்று எடுத்த படத்தைக் கூடத்தில் வைத்துப் பார்த்து மதிப்பிடுவது படத்துக்கு நியாயம் செய்வதாகாது என்று. சண்டைப் படத்தைப் பொறுத்தவரை இதில் உண்மை இருக்கிறது. அதைப் பிறகு பார்ப்போம். குற்றப்படத்தைப் பொறுத்தவரை, அதுவும் காவிரிப் படுகையின் வரலாற்றை வைத்துப் பார்த்தால், இந்தக் குறை நிற்காது. குற்றக்கதை இங்கே வீட்டில் தொடங்கியது. நடுவில் அரை நூற்றாண்டு கொட்டகையில் குடியிருந்தது. பிறகு வீட்டுக்கே திரும்பியது. கொட்டகையில் கிடைத்த தீர்ப்பைவிட வீட்டில் கிடைக்கும் தீர்ப்பு இந்த வகைப் படங்களுக்குப் பல நேரம் நேர்மையாக அமைகிறது என்பதே என் வாதம்.

தொடக்கத்தை முதலில் பார்ப்போம். இருபதாம் நூற்றாண்டின் முதல் கால்பகுதியில் ஆரணி குப்புசாமி முதலியார், ஜே.ஆர். ரங்கராஜு, வடுவூரார் ஆகியோரின் நாவல்கள் தமிழ்நாடெங்கும் விற்றன. ஆங்கிலக் கதைகளைத் தழுவியவை என்று இலக்கியவாதிகள் அவற்றை ஒதுக்கினார்கள். வாசகர்கள் ஒதுக்கவில்லை. புத்தகம் வீட்டுக்கு வீடு கைமாறியது. படிக்கத் தெரிந்த ஒருவர் வாசிக்க, தெரியாதவர்கள் சுற்றி உட்கார்ந்து கேட்டார்கள். இந்தப் படுகை ஊர்கள் குற்றக்கதைக்கு அளித்த எழுத்தாளர்களின் வரிசையே தனி. திருத்துறைப்பூண்டியில் பிறந்த எஸ்.எஸ். வாசனின் ‘சதிலீலாவதி’, குடிபோதையில் நண்பனைக் கொன்றுவிட்டதாக நம்பி இலங்கைத் தேயிலைத் தோட்டத்துக்கு ஓடிப்போகும் ஒருவனின் கதை. திருவிடைமருதூரில் பிறந்த தேவன் ‘துப்பறியும் சாம்பு’வை எழுதினார். கும்பகோணத்துக்காரரான ரா.கி. ரங்கராஜன் குமுதத்தில் இருந்துகொண்டு எத்தனையோ மர்மத் தொடர்களைத் தந்தார். காவிரிக்கு நடுவே ஸ்ரீரங்கத்தில் வளர்ந்த சுஜாதாவின் கணேஷும் வசந்தும் ஒரு தலைமுறைக்கே நெருங்கிய கூட்டாளிகளாக இருந்தார்கள். கோர்ட்டும் வக்கீலும் நிலத்தகராறும் உயில் வழக்கும் நிறைந்த பழைய தஞ்சாவூர் ஜில்லாவில் இந்த வகை எழுத்து செழித்ததில் வியப்பு இல்லை. வடுவூராரின் ‘திகம்பர சாமியார்’ நாவலுக்கு ‘கும்பகோணம் வக்கீல்’ என்று இன்னொரு பெயரும் உண்டு. தழுவல் எங்கிருந்து வந்திருந்தாலும், சூழ்ச்சிக்காரன் உள்ளூர் வக்கீலாக ஆனதும் கதை இந்த மண்ணுக்கு உரியதாகிவிட்டது.

வீட்டில் வாசித்த துப்பறியும் கதைக்கு ஒரு வசதி இருந்தது. பின்னால் புரட்டிப் பார்க்கலாம். நூறாம் பக்கத்தில் அவிழும் முடிச்சு இருபதாம் பக்கத்தில் எப்படிப் போடப்பட்டது என்று சரிபார்க்கலாம். ஆசிரியர் ஏமாற்றிவிட்டாரா, நாம் கவனிக்கத் தவறினோமா என்பதை வாசகரே தீர்மானிக்கலாம். துப்பறியும் கதையைத் தரம் பிரிக்க இதைவிட நல்ல வழி கிடையாது. முதல் வாசிப்பில் திகைக்க வைப்பது சுலபம். இரண்டாம் வாசிப்பிலும் கணக்கு உதைக்காமல் இருப்பதுதான் கஷ்டம். கதை திரைக்குப் போனபோது இந்த வசதி பறிபோயிற்று. வடுவூராரின் ‘மேனகா’ 1935இல் டி.கே.எஸ். சகோதரர்கள் நடிக்க ராஜா சாண்டோ இயக்கத்தில் படமாயிற்று. ‘சதிலீலாவதி’ 1936இல் எல்லிஸ் ஆர். டங்கன் இயக்கத்தில் வந்தது; எம்.ஜி.ஆர். முதன்முதலாகத் திரையில் தோன்றியது அதில் ஒரு போலீஸ் இன்ஸ்பெக்டராக. 1950இல் சேலம் மாடர்ன் தியேட்டர்ஸ் ‘திகம்பர சாமியார்’ எடுத்தது; எம்.என். நம்பியார் 11 வேடங்களில் வந்தார். இந்தப் படங்களைப் பார்க்கப் போனவர்களில் கணிசமானோர் கதையை ஏற்கெனவே படித்தவர்கள் அல்லது படிக்கக் கேட்டவர்கள். மர்மம் தெரிந்தே டிக்கெட் வாங்கினார்கள். ஆக, முடிவு தெரிந்த குற்றக்கதையை மறுபடி பார்ப்பது தொலைக்காட்சி கொண்டுவந்த புதுப் பழக்கமல்ல; தமிழ்க் குற்றப்படம் பிறக்கும்போதே கூட வந்தது.

கொட்டகைக் காலத்தைப் பற்றி எழுதுகிறவர்கள் பெரும்பாலும் நகரத் தியேட்டர்களையே நினைத்து எழுதுகிறார்கள். படுகை கிராமங்களுக்கு சினிமா என்றால் டூரிங் டாக்கீஸ்தான். அதன் மூலமும் பக்கத்தில்தான் இருக்கிறது: திருச்சியில் ரயில்வே குமாஸ்தாவாக இருந்த சாமிக்கண்ணு வின்சென்ட், 1905இல் டூபான் என்ற பிரெஞ்சுக்காரரிடமிருந்து படம் காட்டும் கருவியை வாங்கிக்கொண்டு ஊர் ஊராகக் கிளம்பினார். பின்னாளில் திரைப்பட வியாபாரிகள் தமிழ்நாட்டை ஏரியா ஏரியாவாகப் பிரித்தபோது திருச்சியும் தஞ்சாவூரும் சேர்ந்து ‘டிடி ஏரியா’ ஆயிற்று. ஒரு பிரிண்ட் முதலில் பெரிய ஊர்த் தியேட்டரில் ஓடும். அங்கே ஓய்ந்ததும் தாலுகா ஊர்களுக்குப் போகும். கடைசியாக, மாதங்கள் கழித்து, சில சமயம் வருடங்கள் கழித்து, கீற்றுக் கொட்டகைக்கு வந்து சேரும். அதற்குள் பிரிண்டில் கோடு விழுந்திருக்கும். அறுந்து ஒட்டிய இடங்களில் வசனம் தாவும். பெரும்பாலான கொட்டகைகளில் ஒரே புரொஜெக்டர்தான். ரீல் மாற்ற ஒவ்வொரு தடவையும் விளக்கைப் போடுவார்கள். அதனால் ஒரு படத்துக்கு மூன்று இடைவேளை. பாட்டுப் படத்துக்கும் புராணப் படத்துக்கும் இதனால் பெரிய சேதம் இல்லை. துப்பறியும் படத்துக்கோ இது உயிர்நிலையில் விழும் அடி. சந்தேகம் கட்டுக்கட்டாக ஏறிக்கொண்டிருக்கும் நேரத்தில் முறுக்கு விற்கிறவர் வந்து நிற்பார். ஒட்டுப்போட்ட இடத்தில் ஒரு துப்பு அறுந்து போயிருந்தால், போனது போனதுதான்.

ஆனாலும் தரம் பிரித்தல் அங்கேயும் நடந்தது என்பதை மறக்கக் கூடாது. டூரிங் கொட்டகைக்காரர் புதுப்படத்துக்குக் காத்திருக்க முடியாது. சம்பா அறுவடை முடிந்து கூலியும் நெல்லும் கையில் புழங்கும் தை, மாசி மாதங்களில் கூட்டம் வரும். வடகிழக்குப் பருவமழையில் கொட்டகை நனைந்து கிடக்கும். கிடைக்கும் நாட்களுக்குள் வசூலாக வேண்டுமென்றால், முன்பு கூட்டம் சேர்த்த பழைய படத்தையே மறுபடி எடுத்துப் போட வேண்டும். எந்தப் படத்தை இரண்டாம் முறை, மூன்றாம் முறை எடுக்கிறார் என்பதில் ஊரின் மதிப்பீடு இருந்தது. எழுத்தில் பதிவாகாத மதிப்பெண் அது. இந்த முறையில் எம்.ஜி.ஆரின் வாள்சண்டைப் படங்கள் வென்றன. பாட்டு இல்லாத, பேச்சைக் கூர்ந்து கேட்க வேண்டிய குற்றப்படங்கள் தோற்றன. அந்தத் தோல்விக்குக் காரணம் படங்களின் தரமா, அவற்றைப் பார்க்க நேர்ந்த சூழலா என்பதுதான் கேள்வி.

இதற்குச் சிறந்த சாட்சி ‘அந்த நாள்’. எஸ். பாலசந்தர் இயக்கி, ஏ.வி.எம். தயாரித்து, 1954 தமிழ்ப் புத்தாண்டுக்கு வெளியான படம். அகிரா குரோசவாவின் ‘ரஷோமான்’ காட்டிய வழியில், ஒரே கொலையைப் பலர் பலவிதமாகச் சொல்லும் அமைப்பு. பாட்டே கிடையாது, தமிழில் அப்படி வந்த முதல் படம். சிவாஜி கணேசன் நடித்த ரேடியோ இன்ஜினீயர் தொடக்கத்திலேயே சுடப்பட்டுச் சாகிறார். 1943 அக்டோபரில் சென்னை மீது ஜப்பானிய விமானம் குண்டு போட்டதை ஒட்டிக் கதை அமைந்திருக்கிறது. பாட்டை எதிர்பார்த்துப் போனவர்கள் ஏமாந்தார்கள். தேசிய அளவில் பாராட்டு கிடைத்தும் வியாபாரத்தில் படம் பெரிதாக நிற்கவில்லை. இன்று தமிழின் சிறந்த குற்றப்படங்கள் என்று யார் பட்டியல் போட்டாலும் அது மேலே வருகிறது. 1954க்கும் இன்றைக்கும் நடுவில் படத்தில் ஒரு அடி ஃபிலிம்கூட மாறவில்லை. பார்க்கும் விதம்தான் மாறியது. மூன்று இடைவேளையும் மணல் தரையும் முறுக்குச் சத்தமும் இல்லாத ஓர் அறையில், ஒவ்வொரு சாட்சியும் இறந்தவனைப் பற்றிச் சொல்வதை முந்தைய சாட்சியோடு ஒத்துப்பார்க்க முடிகிற ஓர் அமைதியில், அந்தப் படம் முதல் தடவையாகத் தனக்கேற்ற பார்வையாளரைச் சந்தித்தது. எஸ். மாருதிராவின் ஒளிப்பதிவில் நிழல் எப்படி ஆளைப் பாதி மறைக்கிறது, ஜாவர் சீதாராமனின் சி.ஐ.டி. கேள்வி கேட்டுவிட்டுப் பதிலைவிட முகத்தை எப்படிக் கவனிக்கிறார் என்பதெல்லாம் இரண்டாம் பார்வையில்தான் பிடிபடும்.

படம் வீட்டுக்கு வந்த வழி படிப்படியானது. சென்னையில் தூர்தர்ஷன் 1975 ஆகஸ்ட் 15இல் தொடங்கியது. படுகையின் உள்ளூர்களுக்கு அந்த அலை எட்ட வருடங்கள் ஆயின. கடலோர ஊர்களில் உயரமான ஆன்டெனா நட்டு, இலங்கையின் ரூபவாஹினியைப் பிடித்துப் பார்த்தவர்கள் ஏராளம். 1980களில் வந்தது ‘டெக்’. நாகூர், அதிராம்பட்டினம், கூத்தாநல்லூர், முத்துப்பேட்டை போன்ற ஊர்களுக்குச் சிங்கப்பூரோடும் மலேசியாவோடும் தலைமுறைத் தொடர்பு. வளைகுடா வேலையும் சேர்ந்துகொண்டபோது வீடியோ டெக்கும் கலர் டிவியும் ஊருக்குத் திரும்புகிறவர்களின் பெட்டிகளோடு வந்திறங்கின. கடைக்காரர் டிவி, டெக், கேசட் எல்லாவற்றையும் ஓர் இரவுக்கு வாடகைக்குத் தருவார். தெருவே பணம் போட்டு எடுத்து, விடிய விடிய மூன்று படம் ஓட்டும். ஒன்று எம்.ஜி.ஆர். அல்லது சிவாஜி, ஒன்று ரஜினி, ஒன்று ‘என்டர் தி டிராகன்’ மாதிரி ஒரு கராத்தே படம் என்று பங்கீடு நடக்கும். அரசு உடனே விழித்துக்கொண்டது: வீடியோ கேசட் மூலம் பொதுமக்களுக்குப் படம் காட்டுவதை ஒழுங்குபடுத்த 1984இல் தமிழ்நாட்டில் தனிச் சட்டமே வந்தது, அதே ஆண்டு மத்திய அரசு பதிப்புரிமைச் சட்டத்தைத் திருத்தி வீடியோ திருட்டுக்குத் தண்டனையைக் கூட்டியது. தியேட்டர்காரர்களின் பயத்தை இந்தச் சட்டங்களில் படிக்கலாம். அவர்கள் பயந்தது வருமானத்துக்காக. ஆனால் டெக்கில் இருந்த ‘ரீவைண்ட்’ பொத்தான் அவர்கள் எண்ணிப் பார்க்காத ஒரு காரியத்தைச் செய்தது. வடுவூரார் காலத்து வாசகருக்கு இருந்த, பின்னால் புரட்டிப் பார்க்கும் வசதியை ஐம்பது வருடம் கழித்துப் பார்வையாளருக்குத் திருப்பிக் கொடுத்தது.

பிறகு எல்லாமே வேகம்தான். 1993 ஏப்ரல் 14இல் சன் டிவி. 2001இல் படங்களுக்கென்றே கே டிவி. 2006 செப்டம்பரிலிருந்து 2011 வரை அரசு இலவசமாகக் கொடுத்த 14 அங்குலக் கலர் டிவிகள் ஒன்றரைக் கோடிக்கும் மேல். அரசு கேபிள் நிறுவனம் 2008இல் தொடங்கியபோது அதன் கட்டுப்பாட்டு அறைகள் அமைந்த நான்கு ஊர்களில் தஞ்சாவூரும் ஒன்று. 2011இல் மாதக் கட்டணம் 70 ரூபாய். இதே காலத்தில் மோசர் பேர் நிறுவனம் விசிடியை 28 ரூபாய்க்கும் டிவிடியை 34 ரூபாய்க்கும் விற்றது. நடவுக்கும் களையெடுப்புக்கும் போய்வந்த பெண்கள், டூரிங் கொட்டகைக்கு இரவாட்டம் போக முடியாமலிருந்தவர்கள், இப்போது மத்தியான வேளையில் ‘அதே கண்கள்’ பார்த்தார்கள். தரம் பிரிக்கும் கூட்டத்தில் அதுவரை இடமில்லாதவர்கள் வந்து சேர்ந்தார்கள் என்பதையே இந்தக் காலத்தின் பெரிய மாற்றமாக நான் கருதுகிறேன். கொட்டகையில் விசிலடித்தவர்கள் மட்டும் தீர்மானித்த ஒன்றை இப்போது வீட்டிலிருந்த எல்லோரும் தீர்மானித்தார்கள்.

மறுபார்வை ஒரு படத்தை எப்படி உயர்த்துகிறது என்பதற்கு ‘புதிய பறவை’யைச் சற்று நெருங்கிப் பார்க்கலாம். தாதா மிராசி இயக்கி 1964இல் வந்த படம். ‘சேஷ் அங்க’ என்ற வங்காளப் படத்தின் மறுஆக்கம். வசனம் திருவாரூரில் வளர்ந்த ஆரூர்தாஸ். செல்வந்தன் கோபால் கப்பலில் லதாவைச் சந்தித்துக் காதலிக்கிறான். நிச்சயதார்த்தத்தின்போது, இறந்துபோனதாக அவன் சொல்லிவந்த முதல் மனைவி நானே என்று ஒருத்தி வந்து நிற்கிறாள். முதல் தடவை பார்க்கிறவருக்கு ஒரே கேள்விதான்: வந்தவள் உண்மையா, பொய்யா? கோபாலின் பக்கம் நின்று பதறுகிறோம். லதாவும் அவள் தகப்பனாராக வருகிறவரும் போலீஸ்காரர்கள், காதலே ஒரு பொறி என்பது கடைசியில்தான் வெளிப்படுகிறது. இது தெரிந்தபின் இரண்டாம் தடவை பார்த்தால் வேறொரு படம் ஓடுகிறது. சரோஜாதேவியின் ஒவ்வொரு சிரிப்பும் விசாரணையாகிறது. பழைய மனைவியைப் பற்றி அவள் பரிவோடு கேட்கும் இடங்கள் வாக்குமூலம் வாங்கும் இடங்களாகின்றன. ரயில் சத்தம் கேட்டதும் சிவாஜி நிலைகுலைவது முதல் தடவை மிகை நடிப்பாகத் தோன்றலாம். மனைவியின் உடலைத் தண்டவாளத்தில் போட்டவன் அவன் என்று தெரிந்தபின், அந்த மிகையே படம் ஆரம்பத்திலிருந்து நம் கையில் கொடுத்துவந்த துப்பு. ஆசிரியர் ஏமாற்றவில்லை, நாம்தான் பார்க்கவில்லை. இந்த மதிப்பு ஒரே தடவை பார்ப்பவருக்குக் கிடைக்காது. வெளியீட்டு நாளில் கை தட்டியவர்கள் பாட்டுக்கும் நடிப்புக்கும் தட்டினார்கள். கட்டுமானத்தின் நேர்மையை அறிய இரண்டாம் முறை தேவைப்பட்டது.

மறுபார்வை தாழ்த்துவதும் உண்டு. அதையும் சொல்லாவிட்டால் வாதம் ஒருபக்கமாகிவிடும். 1965இலிருந்து 1972 வரை மாடர்ன் தியேட்டர்ஸ் வரிசையாக எடுத்த ‘வல்லவனுக்கு வல்லவன்’, ‘வல்லவன் ஒருவன்’, ‘சி.ஐ.டி. சங்கர்’, ‘கருந்தேள் கண்ணாயிரம்’ போன்ற படங்கள் தாலுகா ஊர்களில் நன்றாக ஓடியவை. ஜெய்சங்கரைத் தென்னகத்து ஜேம்ஸ்பாண்ட் ஆக்கியவை இத்தகைய படங்கள்தான். அவற்றில் துள்ளல் இருக்கிறது, இசை இருக்கிறது, கதாநாயகனின் கவலையில்லாத நடை இருக்கிறது. ஆனால் வீட்டில் நிதானமாகப் பார்த்தால் முடிச்சுகள் நெகிழ்ந்து கிடப்பது தெரிகிறது. வில்லனின் குகைக்குள் பொத்தானை அமுக்கினால் சுவர் திறக்கிறது. ஏன் அங்கே சுவர் என்று யாரும் கேட்பதில்லை. சண்டையை விறுவிறுப்பாக்க நொடிக்குக் குறைந்த பிரேம்களில் எடுத்து வேகமாக ஓட்டியிருக்கிறார்கள் என்பது சிறு திரையில் பளிச்சென்று தெரிந்துவிடுகிறது. கைகால்கள் வெட்டிவெட்டி அசைகின்றன. இங்கேதான் முதலில் சொன்ன ஆட்சேபத்துக்குப் பலம் உண்டு. சண்டைப் படம் கூட்டத்தோடு பார்க்க எடுக்கப்பட்டது. எம்.ஜி.ஆர். வாளை உருவும் கணத்தில் எழும் சத்தமும் படத்தின் ஒரு பகுதி; அதைக் கணக்கில் எடுக்காமல் மதிப்பெண் போட்டால் கணக்கு தப்பாகத்தான் வரும். 2012இல் ‘கர்ணன்’ டிஜிட்டலில் மெருகேற்றப்பட்டுத் தியேட்டருக்குத் திரும்பியபோது கிடைத்த வரவேற்பு, பெரிய திரைக்கென்று எடுத்தவை பெரிய திரையில் மட்டுமே முழுமை பெறும் என்பதைக் காட்டியது. ஆகவே சண்டைப் படத்தைத் தாழ்த்தும் வீட்டுத் தீர்ப்பை நான் பாதிதான் ஏற்கிறேன். குற்றப்படத்தை உயர்த்தும் வீட்டுத் தீர்ப்பை முழுதாக ஏற்கிறேன். இரண்டையும் ஒரே அளவுகோலால் அளக்கும் பட்டியல்களே தவறு செய்கின்றன.

வீட்டில் தரம் பிரிப்பவர்கள் பத்திரிகை விமரிசகர்களின் வேலையைத் தகுதியில்லாமல் கையிலெடுத்துக்கொள்கிறார்கள் என்றும் சொல்வதுண்டு. தமிழில் கலை விமரிசனத்தை வெகுஜனப் பத்திரிகைக்குக் கொண்டுவந்தவர் மயிலாடுதுறைப் பக்கத்துப் புத்தமங்கலத்தில் பிறந்த கல்கி. ஆனந்த விகடனில் ‘கர்நாடகம்’ என்ற பெயரில் அவர் எழுதிய ‘ஆடல் பாடல்’ பகுதியை வாசகர்கள் ஆவலோடு படித்தார்கள். பின்னால் விகடன் படங்களுக்கு மதிப்பெண் போடத் தொடங்கியது. ‘16 வயதினிலே’ 1977இல் பெற்ற 62½ இன்றும் பேசப்படுகிறது. அந்த மரபை நான் மதிக்கிறேன். ஆனால் வாரப் பத்திரிகை விமரிசகர் ஒரு தடவை பார்த்து, அச்சுக்குப் போகும் முன் எழுத வேண்டியவர். அவருடைய எண் வெளியீட்டு வாரத்தின் எண். தியாகராஜன் குமாரராஜாவின் ‘ஆரண்ய காண்டம்’ 2011இல் தியேட்டர்களில் நிற்கவில்லை. இரண்டு தேசிய விருது வந்தபிறகும், அதற்கு இன்றிருக்கும் இடத்தைப் பெற்றுத் தந்தவர்கள் வீட்டில் திரும்பத் திரும்பப் பார்த்தவர்கள்தான். சுஜாதா குமுதத்தில் தொடராக எழுதிய 1986 ‘விக்ரம்’, 2022இல் அதே பெயரில் வந்த படத்தை ஒட்டி மறுபடி பார்க்கப்பட்டது. அதன் குறைகளை இந்தத் தலைமுறையும் சுட்டிக்காட்டியது. ஆனால் தமிழில் ஏவுகணையும் கம்ப்யூட்டரும் வந்த உளவுக் கதையை அவ்வளவு முன்னதாக முயன்ற துணிச்சலையும் சேர்த்தே கணக்கிட்டது. இப்படிப்பட்ட கணக்குக்கு முப்பத்தைந்து வருட இடைவெளி வேண்டும். அது எந்த விமரிசகருக்கும் வெளியீட்டு வாரத்தில் கிடைக்காது.

இந்தப் படுகையின் சொந்தக் குற்றப்படம் என்று ஒன்றைச் சொல்வதானால் அது 1994 பொங்கலுக்கு வந்த ‘மகாநதி’. சந்தானபாரதி இயக்கம், கமல்ஹாசனோடு எழுத்தில் பங்கேற்றவர் அதே ரா.கி. ரங்கராஜன். கும்பகோணத்தை அடுத்த கிராமத்தில் வசதியாக வாழும் கிருஷ்ணசாமி, சீட்டு கம்பெனி நடத்த ஆசைகாட்டப்பட்டுச் சென்னைக்குப் போய், மோசடியில் மாட்டி, சிறைக்குப் போகிறான், குடும்பம் சிதறுகிறது, மகள் காவேரியைக் கல்கத்தாவின் சோனாகாச்சியில் கண்டெடுக்கிறான். படத்தில் துப்பாக்கிச் சண்டைக்கு முதலிடம் இல்லை. குற்றம் நடப்பது கையெழுத்துப் போட்ட காசோலையில். நிதிகளும் சீட்டுகளும் கும்பகோணத்து மக்களுக்குப் பரம்பரையாகப் பழகியவை; ஆகவே இந்தக் குற்றத்தின் பயம் இங்கே ஆழமாகப் புரிந்தது. படம் வந்து இரண்டு மூன்று வருடங்களுக்குள் தமிழ்நாடு முழுக்க நிதி நிறுவனங்கள் சரிந்தன; முதலீட்டாளர்களைக் காக்க 1997இல் தனிச் சட்டம் போட வேண்டி வந்தது. அந்தச் சரிவுக்குப் பிறகு டிவியில் இதைப் பார்த்தவர்களுக்கு முதல் அரைமணி நேரமே தாங்க முடியாததாயிற்று. பெரிய மனுஷனாக வேண்டும் என்ற ஆசை, அந்நியனை வீட்டில் உட்கார வைத்துச் செய்யும் உபசாரம், வாசலில் ஓடும் ஆறு எல்லாமே முடிவை அறிந்த கண்ணுக்கு வேறாகத் தெரிந்தன. பலர் இரண்டாம் தடவை பார்க்க மாட்டேன் என்று சொல்லும் படம் இது. மறுபார்வையின் வலிமைக்கு அந்த மறுப்பைவிடப் பெரிய சான்று எது?

ஒரு ஆட்சேபம் மிச்சமிருக்கிறது. எல்லாவற்றிலும் அதுதான் கனமானது. முடிச்சின் நேர்மை, நடிப்பு, ஒளிப்பதிவு என்று எடைபோடும்போது, இந்தப் படங்கள் எதைக் குற்றம் என்று எண்ணின என்ற கேள்வி விடுபட்டுப் போகிறது. பழைய தஞ்சாவூர் ஜில்லாவின் கீழ்வெண்மணியில் 1968 டிசம்பர் 25 இரவு, கூலி உயர்வு கேட்ட தலித் விவசாயத் தொழிலாளர் குடும்பங்களைச் சேர்ந்த 44 பேர் ஒரு குடிசைக்குள் வைத்து எரிக்கப்பட்டார்கள். அந்தக் காலத் தமிழ்க் குற்றப்படத்தில் வில்லன் சென்னைத் துறைமுகத்துக் கள்ளக்கடத்தல்காரனாகவும் கள்ளநோட்டுக்காரனாகவும்தான் இருந்தான். நெல் விளையும் நாட்டின் மிகப்பெரிய குற்றம் நடந்த பின்னும், பண்ணையார் வீட்டுக் களத்துக்குள் எந்த சி.ஐ.டி.யும் நுழையவில்லை. இந்திரா பார்த்தசாரதியின் ‘குருதிப்புனல்’ நாவலை வைத்து ஸ்ரீதர் ராஜன் ‘கண் சிவந்தால் மண் சிவக்கும்’ எடுக்க 1983 ஆயிற்று. அறிமுக இயக்குநருக்கான தேசிய விருது பெற்ற அந்தப் படத்தை வணிகக் குற்றப்பட வரிசையில் யாரும் சேர்ப்பதே இல்லை. ஆட்சேபம் சரியானது. ஆனால் இந்த இல்லாமையைக் கண்டுபிடிப்பதும் மறுபார்வைதான். 1970இல் கொட்டகையில் ‘சி.ஐ.டி. சங்கர்’ பார்த்தவருக்கு அது அந்த வாரத்துப் படம். 1968 மார்கழியோடு அதை ஒப்பிட அவருக்குத் தோன்றியிருக்காது. இன்று வரலாறு தெரிந்து வரிசையாகப் பார்க்கிறவருக்கு, இருக்கும் வில்லன்களைவிட இல்லாத வில்லன் முன்னால் வந்து நிற்கிறான். நட்சத்திரம் போட்டுத் தரம் பிரிக்கிறவர்கள் இந்தக் கேள்வியையும் அளவுகோலில் சேர்த்துக்கொள்ள வேண்டும் என்று நான் வலியுறுத்துவேன்.

மறுபார்வைக்கு உண்மையான தடை வேறு இடத்தில் இருக்கிறது. பழைய சதுரச் சட்டகத்தில் எடுத்த படத்தை அகலத் திரைக்கு இழுத்தால் முகங்கள் பருக்கின்றன; வெட்டிப் பொருத்தினால் தலை போகிறது. ‘அந்த நாள்’ மாதிரி நிழலால் கட்டிய படம் மங்கலான பிரதியில் கறுப்புக் கட்டங்களாகக் கரைகிறது. சேனல்கள் நேரத்துக்காக நறுக்கியதில் காணாமல் போன துப்புகள், டூரிங் கொட்டகை ஒட்டுகளில் போனவற்றுக்குக் குறைந்தவை அல்ல. இவையாவது நல்ல பிரதி கிடைத்தால் தீரும். தீராதது இழப்பு. தேசியத் திரைப்பட ஆவணக் காப்பகம் புனேயில் தொடங்கப்பட்டது 1964இல்தான். அதற்குள் நைட்ரேட் ஃபிலிமில் எடுத்த முப்பதுகளின் தமிழ்ப் படங்களில் மிகப் பெரும்பாலானவை அழிந்துவிட்டன. வடுவூராரின் ‘மேனகா’வுக்கு இன்று பிரதி இல்லை. அந்தக் காலப் படங்கள் பலவற்றுக்கு மிஞ்சியிருப்பது கொட்டகை வாசலில் விற்ற பாட்டுப் புத்தகம்தான். சென்னை ரோஜா முத்தையா ஆராய்ச்சி நூலகம் போன்ற இடங்களில் அவை காப்பாற்றப்படுகின்றன. பாட்டுப் புத்தகத்தின் முன்பக்கத்தில் கதைச்சுருக்கம் இருக்கும். மர்மம் அவிழும் இடத்துக்குச் சற்று முன் அதை நிறுத்திவிட்டு, மீதியைத் திரையில் காணச் சொல்வது வழக்கம். திரை இல்லாமல் போன அந்தப் படங்களின் முடிவைத் தெரிந்துகொள்ள இன்று ஒரே வழி, மறுபதிப்பாகக் கிடைக்கும் வடுவூராரின் நாவல்களை வாங்கி வீட்டில் உட்கார்ந்து படிப்பது.